கருவிப் பெட்டி: குழாயை வெட்டாமல் ஓட்டத்தை அளப்பது

போன இதழில், குழாய்க்கு வெளியே மாட்டி உள்ளே ஓடும் ஓட்டத்தை அளக்கிற கிளாம்ப்-ஆன் மீட்டர் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் அந்த நாலு வரி போதவில்லை என்று தெரிகிறது. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே. ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் எஞ்சினியர் இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு என்று 31 வருடம் ஆலை ஆலையாக அலைந்த இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். எனக்குத் தெரிந்தது விரல் தடிமனிலிருந்து மணிக்கட்டு தடிமன் வரையிலான குழாய்கள்தான். ஆளுயரக் குடிநீர்க் குழாய்க்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.

பாலிடெக்னிக் மாணவர், பொள்ளாச்சி

கேள்வி: ஐயா, குழாயை அறுக்காமல், உள்ளே எதையும் நுழைக்காமல், வெளியே கிளிப் மாதிரி மாட்டினால் எப்படி ஓட்டம் தெரிகிறது? புத்தகத்தில் படம் இருக்கிறது. மனதில் ஏறவில்லை.

பதில்: தம்பி, பவானி ஆற்றில் பரிசலில் போயிருக்கிறாயா? ஆள் அதே ஆள், துடுப்பு அதே துடுப்பு. ஆற்றோடு போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம்; எதிர்த்து வந்தால் நேரமாகும். போன நேரம், வந்த நேரம் இரண்டையும் கரையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டால், காலை நனைக்காமலே ஆற்றின் வேகத்தைச் சொல்லிவிடலாம். இங்கே பரிசல் என்பது ஒலி. காதுக்குக் கேட்காத ஒலி, விநாடிக்குப் பத்து லட்சம் அதிர்வுக்கு மேல். குழாயின் வெளிப்பக்கத்தில் இரண்டு சென்சார். முதலாவது அனுப்ப இரண்டாவது கேட்கும், பிறகு இரண்டாவது அனுப்ப முதலாவது கேட்கும். ஒலி குழாய்ச் சுவரைக் கடந்து, நீருக்குள் சாய்வாகப் போய், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். ஓட்டத்தோடு போன ஒலி கொஞ்சம் முந்தும், எதிர்த்து வந்தது கொஞ்சம் பிந்தும்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் இந்த மீட்டரின் மொத்தக் கதையும் இருக்கிறது. நீரில் ஒலி விநாடிக்கு 1,480 மீட்டர் ஓடுகிறது. நீர் ஓடுவதோ ஒரு மீட்டர். குழாயின் உள்விட்டம் 10 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், முந்தியதற்கும் பிந்தியதற்கும் வித்தியாசம் ஏறக்குறைய 7 நானோ விநாடி. ஒரு நானோ விநாடியில் ஒளியே 30 செ.மீ. தான் போகும். அரை மீட்டர் விட்டமுள்ள குழாயில் இதே வித்தியாசம் ஐம்பது மடங்கு பெரிது, அதனால் அளப்பது சுலபம். பெரிய குழாய்க்கு மீட்டர் சுலபம், சின்னக் குழாய்க்குக் கஷ்டம் என்பது கேட்க விசித்திரமாக இருந்தாலும் அப்படித்தான். சின்னக் குழாயில் ஒலியை இரண்டு தடவைக்குப் பதில் நாலு தடவை குறுக்கே ஓடவிடுவது இதற்காகத்தான். பாதை நீண்டால் வித்தியாசமும் நீளும். ஆனால் ஒவ்வொரு தடவை சுவரில் படும்போதும் ஒலி மெலியும்.

உன் புத்தகத்தில் காந்த மீட்டரையும், அதாவது காந்தப்புலத்தின் குறுக்கே ஓடும் திரவத்தில் எழும் மின்னழுத்தத்தை அளப்பதையும், இதே அத்தியாயத்தில் போட்டிருப்பார்கள். அதில் ஓட்டத்துக்கு உள்ளே தடை எதுவும் இல்லை, சரிதான். ஆனாலும் குழாயை அறுத்து இடையில்தான் வைக்க வேண்டும், மின்முனைகள் திரவத்தைத் தொடும். தடையில்லாதது வேறு, தொடாதது வேறு. தேர்வில் இதைக் குழப்பாதே. காந்த வழியை முதலில் முயன்றவர் ஃபாரடே. 1832 ஜனவரியில் லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றுக்குள் செப்புத் தகடுகளை இறக்கி மின்னழுத்தம் வருகிறதா என்று பார்த்தார். சரியாக வரவில்லை. கொள்கை சரி, தகடுகள்தான் காலை வாரின. அவருக்கே அப்படி என்றால் லேபில் உனக்கு ரீடிங் தள்ளாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை, கணபதி, கோவை

கேள்வி: மோல்டுக்குப் போகும் 10 மி.மீ. கூலிங் லைனில் மீட்டர் மாட்டியிருக்கிறேன். பம்பை நிறுத்தினாலும் நிமிடத்துக்கு 0.3 லிட்டர் ஓடுகிறது என்று காட்டுகிறது. விற்றவரைக் கேட்டால் "லோ கட்-ஆஃப் வையுங்க" என்கிறார். வைக்கலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. பம்ப் நின்றால் ஓட்டம் நின்றதாக அர்த்தமில்லை. சூடான மோல்டுக்கும் மேலே இருக்கிற டேங்குக்கும் நடுவே, பம்ப் இல்லாமலே சுடுநீர் ஏறிக் குளிர்நீர் இறங்கிக்கொண்டிருக்கும். மீட்டர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம், நாம்தான் நம்ப மறுக்கிறோம். சென்சாருக்கு முன்னால் ஒரு வால்வ், பின்னால் ஒரு வால்வ், இரண்டையும் மூடுங்கள். குழாய் நிறைய நீர் இருக்கட்டும். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அப்போதும் 0.3 காட்டினால்தான் அது மீட்டரின் பொய்.

பொய் என்றாலும் பெரிய பொய் இல்லை. மேலே தம்பிக்குச் சொன்ன கணக்கை உங்கள் லைனுக்குப் போட்டால், 0.3 லிட்டர் என்பது அரை நானோ விநாடிக்கும் குறைவு. இரண்டு சென்சாரில் ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் இருந்தாலே அவ்வளவு நகரும். வால்வை மூடிய நிலையிலேயே ஜீரோ செட் செய்யுங்கள். காலையில் ஒரு தடவை, மோல்ட் சூடேறிய பிறகு மதியம் ஒரு தடவை பார்த்து, இரண்டும் எவ்வளவு விலகுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். அந்த விலகல்தான் உங்கள் மீட்டரின் நாணயம். அதற்குக் கீழே அது காட்டும் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

கட்-ஆஃப் என்பது, அந்த அளவுக்குக் கீழே எது வந்தாலும் பூஜ்யம் என்று காட்டு என மீட்டருக்குச் சொல்வது. பூசி மெழுகுவதற்கு நல்லது. நாளைக்கு மோல்டில் வாட்டர் சேனல் முக்கால்வாசி அடைத்து 0.3 லிட்டர்தான் ஓடுகிறது என்றால், அதையும் பூஜ்யம் என்றே காட்டும். முதலில் ஜீரோவைச் சரிசெய்யுங்கள், பிறகு தேவைப்பட்டால் கட்-ஆஃப்.

பராமரிப்பு ஃபிட்டர், பெருந்துறை

கேள்வி: போர்ட்டபிள் மீட்டரை ஆன் செய்தால் வெளி விட்டம், சுவர் தடிமன், பைப் மெட்டீரியல் என்று கேட்டுக்கொண்டே போகிறது. எங்களுடையது அரை இஞ்ச் ஜி.ஐ. பைப். அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. தானே? அதைப் போட்டால் ஏறுக்குமாறாக வருகிறது.

பதில்: அரை இஞ்ச் என்பது அந்தப் பைப்பின் பெயர், அளவு இல்லை. நம் ஊரில் பெரியசாமி என்று பேர் வைத்தால் ஆள் பெரியவராக இருக்க வேண்டுமா என்ன! அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் வெளி விட்டம் 21.3 மி.மீ. அதே 'அரை இஞ்ச்' சி.பி.வி.சி. என்றால் வெளி விட்டம் 15.9 தான். ஒரே பெயரில் இரண்டு ஆட்கள்.

காலிப்பர் இல்லையென்றால் காகிதப் பட்டை போதும். பெயின்டைச் சுரண்டிவிட்டு, பைப்பைச் சுற்றிக் காகிதத்தை இறுக்கிப் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில் பிளேடால் ஒரு கீறல். விரித்து அளந்தால் 67 மி.மீ. வர வேண்டும். 3.14-ஆல் வகுத்தால் 21.3. வெளி விட்டம் இப்படி வந்துவிடும். சுவர் தடிமன்தான் கழுத்தை அறுக்கும். ஜி.ஐ. பைப்பில் ஏ கிளாஸ் 2.0 மி.மீ., பி கிளாஸ் 2.6, சி கிளாஸ் 3.2. மூன்றுக்கும் வெளியே ஒரே அளவு. உள்ளே 17.3, 16.1, 14.9. ஏ-க்கும் சி-க்கும் உள்பரப்பில் 35 சதவீத வித்தியாசம். தவறான கிளாஸைப் போட்டால் மீட்டரின் கணக்கில் அந்தப் பிழையில் பாதி தானாகவே கழிந்துவிடும். பரப்பைக் கூட்டிக் கணக்கிட்டால், ஒலி குறுக்கே போன தூரத்தையும் கூட்டி, வேகத்தைக் குறைத்துப் போட்டுக்கொள்ளும். மீதிப் பாதி அப்படியே நிற்கும்.

அந்த மீதிப் பாதியால் நான் ஒரு மனிதரை அவமானப்படுத்தியிருக்கிறேன். ஓர் ஆலையில் பாய்லருக்குப் போகும் டீசல் லைனில் மீட்டர் மாட்டினேன். பைப்பைப் பார்த்து பி கிளாஸ் என்று நானே முடிவுசெய்து 2.6 போட்டேன். மீட்டர் காட்டிய செலவு, டேங்கில் கோல் விட்டு அளக்கிற டிப் கணக்கைவிட நூற்றுக்கு எட்டு லிட்டர் கூடுதல். டிப் எடுத்து எழுதுகிற பாய்லர் ஆபரேட்டர் கணக்கைத் திருத்துகிறார் என்று மேனேஜர் முடிவுகட்டினார். நானும் மீட்டர் பொய் சொல்லாது என்று தலையாட்டினேன். மூன்று வாரம் அந்த மனிதர் என்னோடு பேசவில்லை. ஒருநாள் ஸ்கிராப் யார்டில் அதே லைனின் அறுத்த துண்டு ஒன்று கிடைத்தது. சுவர் 3.2. சி கிளாஸ். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். ஆபரேட்டரிடம் சொல்லத்தான் இரண்டு நாள் ஆனது. அவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். நான்தான் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

அதனால் தடிமனை ஊகிக்காதீர்கள். அல்ட்ராசோனிக் தடிமன் மானி இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதே லைனின் அறுத்த துண்டு எங்காவது கிடக்கும், தேடுங்கள். பழைய ஜி.ஐ. என்றால் உள்ளே துரு வளையம் கட்டியிருக்கும். அதை எந்த மெனுவிலும் போட முடியாது. அந்த இடத்தில் இந்த மீட்டரை மாட்டாமல் விடுவதே மேல்.

எண்ணெய் மில், காங்கேயம்

கேள்வி: தேங்காய் எண்ணெய் ஃபில்லிங் லைனில் பைப்பைத் திறக்கக் கூடாது, சுத்தம் கெடும் என்பதால் கிளாம்ப்-ஆன் வாங்கினோம். 10 லிட்டர் டின் நிரப்பினால் மீட்டர் 12-க்கு மேல் காட்டுகிறது. தண்ணீர் விட்டுப் பார்த்தால் 10 சரியாக 10. மீட்டர் எண்ணெய்க்கு ஆகாதா?

பதில்: அருமையான சோதனை செய்திருக்கிறீர்கள். தண்ணீர் விட்டுப் பார்த்ததால் பாதி விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. மீட்டர் நன்றாக இருக்கிறது. எண்ணெய் ஓடுகிற விதம் வேறு.

மீட்டர் குழாயின் நடுக்கோட்டின் குறுக்கே ஒலியை விட்டு, அந்தக் கோட்டில் உள்ள சராசரி வேகத்தைத்தான் அளக்கிறது. நமக்கு வேண்டியதோ குழாய் முழுவதற்குமான சராசரி. தண்ணீர் வேகமாக ஓடும்போது புரண்டு கலந்து ஓடும், சுவரோரம் தவிர எங்கும் கிட்டத்தட்ட ஒரே வேகம். எனவே இரண்டு சராசரிக்கும் வித்தியாசம் ஐந்தாறு சதவீதம்தான், அதை மீட்டர் தானே கழித்துக்கொள்ளும். எண்ணெய் அப்படிப் புரளாது. கெட்டியான திரவம் சின்னக் குழாயில் அடுக்கடுக்காக வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் வேகம், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் நடுக்கோட்டுச் சராசரி, உண்மைச் சராசரியைவிடச் சரியாக மூன்றில் ஒரு பங்கு கூடுதல். தண்ணீருக்கான கழிவை மட்டும் கழித்தால், மீதி 25 சதவீதம் வரை எண்ணெய்க் கணக்கில் ஏறிவிடும். உங்கள் 12 லிட்டர் அங்கிருந்து வருகிறது.

மீட்டரின் மெனுவில் திரவம் என்ற இடத்தில் 'வாட்டர்' என்றே விட்டிருப்பீர்கள். அதை மாற்றி, எண்ணெயில் ஒலியின் வேகத்தையும் பாகுத்தன்மையையும் கொடுங்கள். பாகுத்தன்மை உங்கள் லைனின் சூட்டுக்கு உரியதாக இருக்கட்டும். சித்திரையில் இளகி ஓடுகிற எண்ணெயும் மார்கழிக் காலையில் உறையப் பார்க்கிற எண்ணெயும் ஒன்றில்லை. 24, 25 டிகிரிக்குக் கீழே அது திரவமே இல்லை. லைனைச் சீராக 40 டிகிரியில் வைக்க முடிந்தால் பாதித் தொல்லை தீரும்.

ஒரு பக்கப் பேச்சு. தண்ணீருக்கும் இந்த வம்பு உண்டு. 10 மி.மீ. குழாயில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவில் ஓடினால், தண்ணீரும் அடுக்காக ஓடுவதா புரண்டு ஓடுவதா என்று தடுமாறும் இடத்துக்கு வந்துவிடும். அங்கே எந்தக் கிளாம்ப்-ஆனும் தடுமாறும். கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ ஓட்டுங்கள், அந்த இடத்தில் மட்டும் நிற்காதீர்கள்.

சாயப்பட்டறை சூபர்வைசர், திருப்பூர்

கேள்வி: பெராக்சைடு டோசிங் பம்பிலிருந்து போகும் 8 மி.மீ. டியூபில் எவ்வளவு போகிறது என்று கண்காணிக்க நினைக்கிறோம். மணிக்கு 20 லிட்டர். எந்த கிளாம்ப்-ஆன் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம் என்பேன். கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள்.

முதலாவது, டயஃப்ரம் பம்ப் ஒரே சீராகத் தள்ளாது. ஒரு தள்ளு, ஒரு ஓய்வு. ஓட்டம் பாதி நேரம் பூஜ்யம், பாதி நேரம் இரட்டிப்பு. மெதுவாக அளக்கும் மீட்டர் இதில் எதைப் பிடிக்கும் என்று அதற்கே தெரியாது. துடிப்பை அடக்கும் டேம்பனர் வைத்தால் கொஞ்சம் அடங்கும். இரண்டாவது, 8 மி.மீ. டியூபின் உள்விட்டம் பெரும்பாலும் 6. மணிக்கு 20 லிட்டர் என்றால் நேர வித்தியாசம் ஒரு நானோ விநாடியைத் தொடாது. மூன்றாவதுதான் பெரிய வில்லன். பெராக்சைடு சும்மா இருக்காது. வெயில் பட்டால், துரு பட்டால், காரம் பட்டால் ஆக்ஸிஜன் குமிழி விடும். ஒலிக்குக் குமிழி என்றால் சுவர் எழுப்பின மாதிரி. திரவத்தில் ஓடுகிற ஒலி காற்றில் ஏறாமல் திரும்பிவிடும். காலையில் அழகாகக் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் மத்தியானம் 'சிக்னல் இல்லை' என்று கை விரிக்கும். வெளுக்கப் போடும் ஹைப்போவும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) இதே ஜாதி.

ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் இப்படி மாட்டுங்கள். பம்பின் உறிஞ்சும் பக்கம் வேண்டவே வேண்டாம், அங்கே அழுத்தம் குறைந்து குமிழி கூடும். தள்ளும் பக்கத்தில், டியூப் செங்குத்தாக மேல் நோக்கிப் போகும் இடத்தில், முன்னால் டியூப் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு, பின்னால் ஐந்து மடங்கு நேர்நீளம் விட்டு, வெயில் படாமல்.

வாங்கவில்லை என்றால் கேனைத் தராசில் ஏற்றுங்கள். 100 கிலோ பிளாட்ஃபார்ம் தராசு, 10 கிராம் வரை காட்டுவது. 50 சதவீதப் பெராக்சைடு லிட்டருக்கு 1.2 கிலோ. மணிக்கு 20 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 400 கிராம் குறைய வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதினால் நாலு கிலோவில் 10 கிராம் பிசகு. எந்தக் கிளாம்ப்-ஆனும் அந்த டியூபில் இந்தத் துல்லியத்தைத் தராது. திரவத்தையும் தொடவில்லை, டியூபையும் தொடவில்லை. குமிழி வந்தாலும் தராசுக்குக் கவலையில்லை. இதைச் சொன்னால் எல்லோருக்கும் ஏமாற்றம். டிஸ்ப்ளே வைத்த நவீன சமாச்சாரம் ஒன்றைத்தான் கேட்டு வருகிறார்கள்.

இல்லத்தரசி, வேளச்சேரி, சென்னை

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் 24 வீடு. தண்ணீர் லாரிக் காசை எல்லோரும் சமமாகக் கட்டுகிறோம். நாங்கள் இரண்டே பேர். டைல்ஸ் உடைக்காமல் வெளியே மாட்டும் மீட்டர் வைத்து அவரவர் செலவை அளக்கலாமா?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயம்தான் அம்மா. ஆனால் வீட்டுக்கு ஒரு மீட்டர் என்று போட முடியாது. மாடியிலிருந்து இறங்கும் குழாய் சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று என்று வரும். வீட்டுக்கு மூன்று நாலு மீட்டர் ஆகும். அத்தனை கிளாம்ப்-ஆன் வாங்குகிற காசில் பல வருடம் லாரித் தண்ணீர் வாங்கலாம். அது போக, ஃபிளஷ் டேங்க் ஒழுகுவது, குழாயை லேசாகத் திறந்து பாத்திரம் கழுவுவது போன்ற மெல்லிய ஓட்டத்தை இது தவறவிடும். ஷாஃப்டில் குழாய் திறந்த இடத்தில் இருந்தால், பிளம்பரை வைத்துச் சாதாரண அரை இஞ்ச் சக்கர மீட்டர் போடுங்கள். டைல்ஸைத் தொட வேண்டியிருக்காது.

கிளாம்ப்-ஆன் உங்களுக்கு உதவும் இடம் ஒன்று உண்டு. இராத்திரி இரண்டு மணிக்கு, மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்கும் மெயின் லைனில், வாடகைக்கு ஒரு போர்ட்டபிளைக் கொண்டுவரச் சொல்லி மாட்டிப் பாருங்கள். எல்லோரும் தூங்கும்போதும் ஓட்டம் இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பாதிச் சண்டை அங்கேயே தீரலாம். மீதிச் சண்டை அசோசியேஷன் கூட்டத்தில்தான்.

ஒரு மகன், சேலம்

கேள்வி: அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இயந்திரத்தில் ரத்த ஓட்டம் 300 என்று இருக்கிறது. அதை எந்த மீட்டர் அளக்கிறது? டியூபில் ஒன்றும் மாட்டியிருப்பதாகத் தெரியவில்லையே.

பதில்: நல்ல கண் உங்களுக்கு. என் மைத்துனருக்குத் துணையாக நாலு வருடம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தொழில் புத்தி சும்மா இருக்குமா, நானும் முதல் நாளே இதைத்தான் தேடினேன்.

பெரும்பாலான இயந்திரங்களில் அந்த 300 அளந்து சொன்னது இல்லை, கணக்குப் போட்டுச் சொன்னது. சுழலும் உருளை டியூபை நசுக்கி நசுக்கி ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு சுற்றுக்கு டியூபில் எவ்வளவு கொள்ளும், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, இரண்டையும் பெருக்கினால் நிமிடத்துக்கு 300 மில்லி. உருளைக்கு முன்னால் உறிஞ்சல் அதிகமானால், நசுங்கிய டியூப் முழுசாக உப்பி நிரம்பாது. அப்போது சுற்று அதே சுற்று, ரத்தம் குறைவு. சில இயந்திரங்கள் அழுத்தத்தைப் பார்த்து இதைத் திருத்திக் காட்டும். அதனால்தான் டெக்னீஷியன் அடிக்கடி ஆர்ட்டீரியல் பிரஷரை, அதாவது உருளைக்கு முன்னால் டியூபில் உள்ள அழுத்தத்தை, பார்க்கிறார்.

உண்மையிலேயே அளக்க வேண்டுமென்றால் நம் கிளாம்ப்-ஆன் அங்கேயும் உண்டு. ரத்தத்தைத் தொடாமல், டியூபுக்கு வெளியே கிளிப் மாதிரி மாட்டுவது. 1995-இல் நிக்கோலாய் கிரிவிட்ஸ்கி என்பவர் இதை வைத்து இன்னொரு அழகான வேலை செய்யலாம் என்று காட்டினார். இரண்டு டியூபிலும் சென்சாரை மாட்டி, டியூப் இணைப்பைக் கொஞ்ச நேரம் இடம் மாற்றிப் போட்டுவிட்டு, உப்புநீரைக் கொஞ்சம் செலுத்துவார்கள். உப்புநீரில் ஒலி ரத்தத்தில் போவதைவிட மெதுவாகப் போகும். அந்த வித்தியாசம் எதிர் டியூபில் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பதை வைத்து, கையில் உள்ள ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடத்தில்) எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்புகிற எக்மோ என்ற சொல்லை 2016 டிசம்பரில் தமிழ்நாடே கற்றுக்கொண்டது. அந்த இயந்திரத்தில் பெரும்பாலும் உருளைக்குப் பதிலாக மையவிலக்குப் பம்ப் இருக்கும். அதில் சுற்றை எண்ணி ஓட்டத்தைச் சொல்ல முடியாது, எனவே டியூபில் சென்சார் கட்டாயம்.

இத்தனை சின்ன டியூபில் அங்கே எப்படி நன்றாக வேலை செய்கிறது என்று என் ஆலை நண்பர்கள் கேட்பார்கள். அங்கே டியூபின் அளவும் மெட்டீரியலும் முன்பே தெரியும், சென்சாரை அந்த டியூபுக்கென்றே செய்து, அந்த டியூபிலேயே ஓடவிட்டுச் சரிபார்த்து அனுப்புகிறார்கள். நம் ஊரில் துருப்பிடித்த பைப்பைக் காட்டி "போடுங்க பார்க்கலாம்" என்கிறோம்.

அப்பாவுக்கு ஓட்டம் போதுமா என்பதை மாத ரத்தப் பரிசோதனையை வைத்து டாக்டர்தான் சொல்வார். "ஆர்ட்டீரியல் பிரஷர் எவ்வளவு வருகிறது, டியூப் நன்றாக நிரம்புகிறதா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சந்தோஷமாகவே காட்டுவார்கள்.

பெயர் வேண்டாம் என்றவர், கரூர்

கேள்வி: சென்சாருக்கும் குழாய்க்கும் நடுவே தடவும் கப்ளிங் ஜெல் தீர்ந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: தடவலாம். ரீடிங் வரும். மதியத்துக்குள் வழிந்து போய்விடும். வாஸ்லின் ஒரு வாரம் நிற்கும். நிரந்தரமாக மாட்டுகிற இடத்தில் சிலிக்கான் கிரீஸ்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், தாராபுரம்

கேள்வி: போன இதழில் "எந்த மீட்டராக இருந்தாலும் ஒரு வாளி, ஒரு தராசு, ஒரு கடிகாரம் வைத்துச் சரிபாருங்கள், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ" என்று எழுதியிருந்தீர்கள். அது 4 டிகிரியில்தான். நம் ஊர் 30 டிகிரியில் 995.7 கிராம். மாணவர்கள் படிக்கும் பத்திரிகை, கவனம் தேவை.

பதில்: சார், பெஞ்சு மேல் ஏறி நிற்கிறேன். 995.7 தான். நூற்றுக்கு அரைக்கும் கொஞ்சம் குறைவான அந்தப் பிசகு, கடிகாரத்தை அமுக்குகிற கையின் பிசகோடு கலந்து மறைந்துவிடும் என்று சால்ஜாப்பு சொல்லலாம். அதற்கும் வழி இருக்கிறது. வாளியைக் குறைந்தது ஒரு நிமிடமாவது பிடிக்க வேண்டும், பத்து விநாடி பிடித்துவிட்டு ஆறால் பெருக்கக் கூடாது. தராசில் வந்த கிலோவை 0.9957-ஆல் வகுத்தால் லிட்டர். காங்கேயத்து நண்பர் எண்ணெய்க்கு இதைச் செய்யும்போது இந்த எண்ணைப் போட்டுவிடாதீர்கள். உங்கள் எண்ணெய் ஒரு லிட்டரை அதே சூட்டில் நிறுத்துப் பார்த்து, அந்த எடையால் வகுங்கள்.